அண்டாவில் வைத்த ஓட்டம்

கரிசல்பேட்டையில் பெண்பிள்ளை பெரியவளானால், சடங்கு வைக்கும் அன்று அவளுடைய ஓட்டத்தை எடுத்து, தாய்மாமன் கொண்டுவந்த அண்டாவில் போட்டு மூடிவிடுவார்கள். எடுக்கும் முறை எளிது. பிள்ளை தெருமுனையிலிருந்து வாசல்வரை ஒரு தடவை ஓடிவர வேண்டும். வாசலில் அத்தைமார் இருவர் அண்டாவைச் சாய்த்துப் பிடித்திருப்பார்கள். பிள்ளை நின்றுவிடும், ஓட்டம் நிற்காமல் உள்ளே போய்விடும். உடனே மூடியைப் போட்டு, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, பரணில் ஏற்றிவிட்டுப் பந்திக்கு இலை போடுவார்கள். நடையை யாரும் தொடுவதில்லை. சைக்கிள் விஷயம் வீட்டுக்கு வீடு மாறும்.

செண்பகவல்லியின் மகள் நித்திலாவுக்கு இது பன்னிரண்டு வயதில் நடந்தது. பள்ளியில் நூறு மீட்டரில் முதலாவதாக வந்தவள் என்பதால் அவளுடைய ஓட்டம் கொஞ்சம் முரடு. பரணில் ஏற்றிய பிறகும் அண்டா கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு வேலம்மாள் வந்து பார்த்துவிட்டு, "ஆட்டுக்கல் குழவியத் தூக்கி மேல வையி, அமந்துரும்" என்றாள். வைத்தார்கள். அமர்ந்துவிட்டது.

நித்திலாவும் அமர்ந்துவிட்டாள். பள்ளிக்கு ஷேர் ஆட்டோவில் போனாள், ஷேர் ஆட்டோவில் வந்தாள், வந்ததும் டியூஷனில் போய் உட்கார்ந்தாள். விளையாட்டுப் பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொண்டார். அவருக்கு போர்ஷன் முடியவில்லை. வீட்டில் எல்லாரும் தின்ற காராச்சேவைத்தான் அவளும் தின்றாள். பதினைந்து வயதுக்குள் பள்ளிச் சீருடையை இரண்டு முறை பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. செண்பகவல்லி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுடைய கவலையெல்லாம் மகளின் கழுத்தில் பட்டையாகப் படிந்திருந்த கறுப்பைப் பற்றியதாக இருந்தது. எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தாள். பயத்தமாவு போட்டுத் தேய்த்தாள். கடைசியில் பீர்க்கங்காய் நாரை எடுத்தாள். கழுத்து சிவந்தது; கறுப்பு அப்படியே இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்க்கும் டாக்டர் அருள்மேரி அந்தக் கழுத்தை ஒரு பார்வைதான் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பேசினார்.

"இது அழுக்கு இல்லம்மா. தேய்க்கிறத நிறுத்துங்க. உடம்புல இன்சுலின் இருக்கு, ஆனா அது சொல்றத உடம்பு கேக்க மாட்டேங்குது. அதுதான் கழுத்துல தெரியுது. சர்க்கரை எல்லைக் கோட்டு மேல நிக்குது. கல்லீரல்லயும் கொழுப்பு."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான். மூணு மாசம் டைம் தர்றேன். இறங்கலைன்னா மாத்திரை. இவ ஓட்டத்த எங்க வச்சிருக்கீங்க?"

"பரண்ல."

"இறக்குங்க."

செண்பகவல்லி தலையை ஆட்டினாள். ஆனால் அண்டா காலியாக இருந்தது. போன வருஷம் அவளுடைய அண்ணன் சங்கரபாண்டி ஒரு தண்ணீர் கேனோடு வந்து, மகன் அழகுராஜாவின் போலீஸ் செலக்‌ஷனுக்காக அந்த ஓட்டத்தை வாங்கிப் போயிருந்தார். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் பாதியிலேயே உட்கார்ந்துவிடும் பழக்கம் அழகுராஜாவுக்கு. பத்து நாளில் தந்துவிடுவதாகப் பேச்சு. அவன் தேர்வாகி, பயிற்சி முடித்து, இப்போது சாத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் இருக்கிறான்.

திரும்பி வரும் ஆட்டோ வீட்டை நெருங்கியபோது செண்பகவல்லி மெல்லச் சொன்னாள். "ஏட்டி, ஒன் ஓட்டம் நம்ம வீட்டுல இல்ல."

"தெரியும்" என்றாள் நித்திலா. "ராத்திரியில குழவிக்கு அடியில லேசா ஒரு சத்தம் கேக்கும். அதுவும் நின்னு போச்சுல்ல."

"கேக்கவே இல்லியே நீ."

"கேட்டிருந்தா?"

ஞாயிற்றுக்கிழமை அழகுராஜா லீவில் வந்திருப்பதாகத் தெரிந்து, இருவரும் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள்.

அழகுராஜா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பனியன் வயிற்றில் இழுத்துப் பிடித்திருந்தது. சங்கரபாண்டி விஷயத்தைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பொம்பளப் பிள்ளைக்கு ஓட்டம் எதுக்கு? நடக்கச் சொல்லு."

"டாக்டர் ஓடணும்னு சொல்லிருக்காங்கண்ணே. கொஞ்சங் கொஞ்சமா, ஆனா தெனமும்."

"அண்டா யாரு வாங்கிக் குடுத்தது?"

"நீங்கதான்."

"சுத்தப் பித்தள. அப்ப உள்ள இருந்ததுல எனக்குப் பாத்தியத இல்லியா? போலீஸ்காரன்ட்ட ஓட்டம் இல்லன்னு வெளிய தெரிஞ்சா அவன் வேலை என்னாகும்?"

அடுப்படியிலிருந்து மதினி குரல் கொடுத்தாள். "அவன் எங்க ஓடுதான்? மாடிக்கு வத்தல் எடுக்கப் போகவே ரெண்டு எடத்துல ஒக்காருதான்."

"சும்மா இரு நீ."

அழகுராஜா கையை நக்கிக்கொண்டே சொன்னான். "திருடனுவ எல்லாம் பைக்குல போறானுவப்பா. நாங்களும் பைக்குல போறோம். ஓடி என்ன செய்ய?"

"அதுக்காகக் கையில இருக்கிறதத் தூக்கிக் குடுப்பாங்களா?" என்றார் சங்கரபாண்டி.

நித்திலா எழுந்து நின்றாள். "மாமா, அண்டா ஒங்களுது. அத நீங்களே எடுத்துக்கோங்க. ஓட்டம் என்னுது. அதக் குடுங்க."

சங்கரபாண்டி தங்கையைப் பார்த்தார். சீர் கொடுத்த அண்டாவைத் திரும்ப வாங்கினார் என்று ஊருக்குள் பேச்சு வந்தால் என்ன ஆகும் என்பது அவர் முகத்தில் ஓடியது. செண்பகவல்லி, "நாளைக்கே கொண்டாந்து வச்சிருதேன்ணே" என்றாள். அவள் அண்ணனிடம் அந்தக் குரலில் பேசுவது அதுதான் முதல் தடவை.

"அண்டாவ நீயே வச்சுக்கோ" என்றார் அவர். பிறகு மகனிடம், "எடுத்துக் குடுலே" என்றார்.

கேன் கட்டிலுக்கு அடியில் இருந்தது. செலக்‌ஷன் முடிந்து, பயிற்சியும் முடிந்த அன்று சாயங்காலம் கழற்றி வைத்ததுதான், அதன்பின் திறக்கவில்லை என்று அழகுராஜா சொன்னான். வாசலில் வைத்து மூடியைத் திருகினான். நித்திலா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். ஓட்டம் வந்து அவளிடம் சேர்ந்தது. அவள் தெருமுனைவரை ஓடினாள், கோயில் ஆர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இரைக்க இரைக்க நடந்து திரும்பி வந்தாள். மதினி மோர் கொடுத்தாள்.

ஓட்டம் பன்னிரண்டு வயது அளவு. முதல் வாரம் தொடையில் இறுக்கிப் பிடித்தது. அது போலீஸ் பழக்கம் வேறு கற்றிருந்தது. திருப்பம் வந்தால் சுவரோரம் ஒதுங்கி எட்டிப் பார்க்கும். யாராவது விசில் அடித்தால் விறைப்பாக நின்றுவிடும். குக்கர் விசிலுக்கும் நின்றது. அதனால் நித்திலா காலையில் ஊர் சமைக்கத் தொடங்கும் முன்பே ஓடி முடித்துவிடுவாள்.

"என்ன செம்பகம், பிள்ளைய அவுத்து விட்டுட்ட?" என்று வேலம்மாள் கேட்டாள்.

"அவளுது அவகிட்ட இருக்குக்கா."

"வயசுப் பிள்ள ஓடுனா எவனாவது பாப்பான்."

"பாக்கதுக்குள்ள போயிருதாளே."

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் நித்திலா எடை பார்க்கும் கருவியில் ஏறினாள். முள் பழைய இடத்திலிருந்து இம்மியளவுதான் அசைந்திருந்தது. செண்பகவல்லிக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் எழுந்து ஓடியதெல்லாம் வீண், இனி மாத்திரைதான், மாத்திரை தின்கிற பிள்ளை என்று பெயராகிவிடும் என்று நினைத்தாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரித்தார். "சர்க்கரை கோட்டுக்குக் கீழ வந்துடுச்சு. கல்லீரல் பரவாயில்ல. மாத்திரை வேண்டாம்."

"எடை அப்படியே நிக்குதே, டாக்டர்."

"நிக்கட்டும். ரத்தம் மாறிடுச்சுல்ல? எடை மெதுவாத்தான் வரும். வராமயும் இருக்கும். இவ ஓடிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

நித்திலாவின் முடியை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தார். கறுப்பு வெளுக்கத் தொடங்கியிருந்தது. பிறகு செண்பகவல்லியைத் திரும்பச் சொல்லி, சேலைத் தலைப்பை விலக்கி அவளுடைய கழுத்தையும் பார்த்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். கருவியில் எண் வந்ததும் தாயும் மகளும் சேர்ந்து பார்த்தார்கள்.

"உங்களுது எங்க இருக்கு?" என்றார் டாக்டர்.

"பரண்லதான். என் கல்யாணச் சீரோட வந்தது."

அன்றே இறக்கினார்கள். நித்திலாவின் அண்டாவுக்குப் பின்னால், சுவரோரம், புளிப் பானைக்கு அடுத்து இருந்தது. துணி நைந்துபோயிருந்தது. மூடியை எடுத்தபோது எதுவும் வெளியே வரவில்லை. நித்திலா எட்டிப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் ஓட்டம் அடிப்பிடித்து, பித்தளையோடு பித்தளையாக ஒட்டிப்போயிருந்தது. கரண்டியால் சுரண்டினாள். வெந்நீர் ஊற்றி ஊறவைத்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். அண்டா பளபளத்தது, ஓட்டம் பெயரவில்லை.

"சொரண்டாதட்டி" என்றாள் செண்பகவல்லி. "அது அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் காலை அண்டாவைத் தூக்கி வாசலில் வைத்தாள். அது ஒருமுறை தன்னைச் சுற்றிக்கொண்டு, தெருவில் இறங்கி, தபால் ஆபீஸ் பக்கம் ஓடத் தொடங்கியது. நித்திலா அதைத் தாண்டி முன்னால் போய்விட்டாள். செண்பகவல்லி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். எதிரே வந்த பால்காரர் அண்டாவுக்கு வழிவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். கோலம் போட்டுக்கொண்டிருந்த வேலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். கோலமாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அவள் வீட்டுப் பரணிலிருந்து குழவிக்கல் உருண்டு விழும் சத்தம் கேட்டது.