பழனியாத்தாளின் பழைய நம்பர்

"ஊட்டுக்காரர் பேரு என்னங்க?" என்று கேட்டதும் பழனியாத்தாள் சிரித்துக்கொண்டே தரையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டுப் போடும் சுப்பண்ணன் மேற்கொண்டு கேட்கவில்லை. புருஷன் பேரைச் சொல்லவைத்து ஒரு பெண்ணைச் சங்கடப்படுத்துவது அவருக்கு ஆகாத காரியம். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுப் புது நம்பர் கொடுத்தார். அன்னூர்ப் பக்கத்து அந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அவர் காட்டிவரும் மரியாதை அது.

அவள் நகரவில்லை. "புது நம்பர் வேண்டாமுங்க. போன தடவ இங்க ஊசி போட்டு மயங்கி உழுந்துபோட்டனுங்க. அது எந்த ஊசின்னு பழைய நம்பர்ல பாத்துட்டு வரச் சொன்னாருங்க டாக்டரு."

மண்வெட்டி பட்ட அவள் கால் வீங்கி, காய்ச்சலில் உடம்பு நடுங்கியது. ஊசியைத் தள்ளிப்போட முடியாது. ஆகாததைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. சுப்பண்ணன் பேரைத் தட்டினார். திரை நிறையப் பழனியாத்தாள்கள்; பலருக்கும் புருஷன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. கையும் ஓடாமல் காலும் ஓடாமல், நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் மெர்சியைக் கூப்பிட்டார்.

மெர்சி திரையையே பார்த்தாள். "கோடு போட்டதெல்லாம் யாருன்னு பாத்தீங்களாண்ணா? தோட்டத்துக்காரங்க ஊட்டுப் பொம்பளைகளுக்கு, தொணைக்கு வர்றவங்க புருஷன் பேரைச் சொல்லிப்போடறாங்க. கூலிய உட்டுப்போட்டுத் தனியா வர்றவங்கதான் வர்றப்பல்லாம் புது ஆளாயிடறாங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் சுப்பண்ணனைச் சுட்டது.

"போன தடவ யாருங்கக்கா கூட்டிட்டு வந்தது?" என்று மெர்சி பழனியாத்தாளிடம் கேட்டாள்.

"அவருதானுங்க."

அப்படியானால் பேர் பதிவாகியிருக்கும். மெர்சி மேசையைச் சுற்றி வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டு, திரையைத் தங்கள் பக்கம் திருப்பினாள். "நீங்க சொல்ல வேண்டாங்கக்கா. நான் மெதுவா வாசிக்கறேன். உங்களோடது வந்தா தலையாட்டுனாப் போதும்."

மாரப்பன். இல்லை. நஞ்சப்பன். இல்லை. அங்கப்பன் என்றதும், அந்தக் காய்ச்சலிலும் அவளுக்கு வெட்கம் வந்தது. தலை ஆடியது.

பெனிசிலின் ஊசி ஆகாது என்று தெளிவாகப் பதிந்திருந்தது. மெர்சி அதை அச்செடுத்துக்கொண்டு, அவளைக் கைத்தாங்கலாக டாக்டரிடம் அழைத்துப் போனாள். வேலை சீக்கிரம் முடியத்தான் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். விட்டுப்போனவர்களைத் தேடிப் பிடிக்கவும் அது உதவும் என்று இவளுக்கல்லவா தோன்றியது? சுப்பண்ணனுக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

வரிசையில் அடுத்து நின்றவள் முன்னால் வந்தாள். அவர் கேட்பதற்கு முன்பே தன் பேரையும் ஊரையும் சொல்லிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, காதைக் கொடுத்து நின்றாள். சுப்பண்ணன் திரையைத் தன் பக்கம் திருப்பி, குரலைத் தாழ்த்தி, அதில் வந்த புருஷன்மார் பேர்களில் முதல் பேரை வாசித்தார்.