சுலைகாவின் ஒன்பது முடிச்சுகள்

மகளின் பாவாடையைத் துவைக்க எடுத்தாள் பாத்திமுத்து. நாடா நுனியில் வரிசையாக முடிச்சுகள். எண்ணிப் பார்த்தாள். ஒன்பது!

முடிச்சுப் போட்டு அதில் ஊதிச் சூனியம் வைப்பார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். அதற்குப் பயந்துதானே அந்தி தவறாமல் மகள் தலையில் ஓதி ஊதுகிறாள்? அப்படியும் வந்துவிட்டதே, பாவிகள்!

இப்போது எல்லாம் விளங்கியது. எட்டு வயதுப் பிள்ளை சுலைகா, வகுப்பில் ஒரு நிமிஷம் உட்காருவதில்லை. டீச்சர் கேள்வியை முடிக்குமுன்னே பதில் சொல்கிறாள். சிலேட்டு எங்கே என்றால் திருதிருவென விழிக்கிறாள். எண்ணெய் வாங்கப் போனவள் கோட்டையூர் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி, போத்தலைத் தொலைத்துவிட்டு வந்தாள். திமிர் என்று அடித்தும் பார்த்தாயிற்று. "இந்த மாசம் பாப்பேன், அப்பறம் நீங்களே கூட்டிட்டுப் போயிருங்க" என்று டீச்சர் சொல்லி மூன்று நாளாகிறது.

செய்தது யார்? வேறு யார், வீட்டின் மறுபாதியில் இருக்கும் ஓரகத்தி ஆபிதாதான். அண்ணன் தம்பிகளான புருஷன்மார் இருவருக்கும் பினாங்கில் ஒரே கடையில் வேலை. ஆபிதாவுக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் சுலைகா ஓடுவது அங்குதான். அவள் ஊட்டினால் மட்டும் தட்டு காலியாகிறது. சோற்றில் என்ன கலந்தாளோ!

பாவாடையைக் கொண்டுபோய் ஆபிதாவின் முன்னால் வீசினாள்.

"எம் பிள்ளைக்கு என்ன செஞ்சீக? பள்ளிவாசல் அசரத்தக் கூப்பிட்டு இத எரிக்கப் போறேன். இனி இவ இங்குட்டு வர மாட்டா."

"நானா? நான் செய்வேனா பாத்திமுத்து?" ஆபிதாவின் கண் நிறைந்துவிட்டது. அழுகையைப் பார், என்னமாய் நடிக்கிறாள் என்று பாத்திமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உள்ளேயிருந்து சுலைகா பாய்ந்து வந்தாள். "எரிக்காதீகம்மா! நாந்தான் போட்டேன்!"

"பொய் சொல்லாத. யாருடி சொல்லிக்குடுத்தது?"

"யாருமில்ல. நீங்க சொல்றதெல்லாம் மறந்து மறந்து போகுதுல்ல? அதான், ஒண்ணொண்ணுக்கும் ஒரு முடிச்சு." சின்ன விரல் நாடாவில் ஊர்ந்தது. "இது கதவச் சாத்தணும். இது, டீச்சர் பேசறப்ப பேசக் கூடாது. இது, அம்மாவ அழ வைக்கக் கூடாது."

நாலாவதில் விரல் நின்றது. தெருவில் மாட்டுவண்டி மணி கேட்டது. பார்வை அங்கே ஓடித் திரும்பிற்று.

"மத்ததெல்லாம்?"

"போட்டது நெனப்பிருக்கும்மா. எதுக்குன்னுதான் தெரியல." உதடு பிதுங்கி, பிள்ளை விம்மத் தொடங்கினாள்.

இந்தப் பிள்ளையையா அடித்தேன்? பாத்திமுத்து மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு நாலாவது முடிச்சைத் தொட்டாள்.

"இது எண்ணெய்ப் போத்தலா இருக்கும்டி."

சுலைகா தலையாட்டினாள்.

பாத்திமுத்து நிமிர்ந்து பார்க்கக் கூசி, நாடாவை ஆபிதாவின் பக்கம் நீட்டினாள். "அக்கா, அஞ்சாவது என்னவா இருக்கும்? நீங்க சொல்லுங்களேன்."