குழிமேட்டுக் கற்றாழை

இதற்கு இன்றைக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது. தவிக்கிற மாதிரித் தெரியும். அது என் தவிப்பு, இதனுடையதல்ல.

குஞ்சம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, கற்றாழை நட்டிருந்த உடைந்த பானையின் மணலை விரலால் கிளறிப் பார்த்தாள். உலர்ந்துதான் இருந்தது. வெள்ளைப் புள்ளி விழுந்த தடித்த மடல்கள், ஓரமெல்லாம் முள். நடுவில் ஒரு தண்டு விரல் நீளம் எழும்பியிருந்தது. ராசிபுரத்துக்குத் திரும்பி வந்த பிறகு இதுதான் முதல் மொட்டு.

தென்னாப்பிரிக்காவில், அவர்கள் கூலிக்குப் போயிருந்த நேட்டாலில், ஆடி மாதம் குளிர்காலம். கரும்புத் தோட்டத்துக்கு அப்பால் மேடெல்லாம் இது சிவப்பாகப் பூத்திருக்கும். அந்த மேட்டில்தான் மகள் சௌந்திரத்தைப் புதைத்தார்கள். நான்கு வயது, காய்ச்சல். நரி கிளறாமல் இருக்கட்டும் என்று அவள் புருஷன் மாதையன் இந்த முட்செடிகளைக் குழியைச் சுற்றி நட்டான். ஊர் திரும்பக் கப்பலேறும் முன் அதில் ஒரு கன்றைக் குஞ்சம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வந்த வருஷம் சித்திரை வெயிலுக்கு வாடுமே என்று தினமும் தண்ணீர் ஊற்றினாள். அடி அழுகிவிட்டது. அழுகலை அரிந்தெடுத்து, வெட்டுவாய் காயும்வரை மண்ணில் வைக்காமல் நிழலில் போட்டுவைத்தாள். அவளை யாரும் அப்படிப் போட்டுவைக்கவில்லை. புதைத்த மறுநாளே கரும்பு வெட்டப் போனாள். அதற்கப்புறம் பிள்ளையே உண்டாகவில்லை.

வருகிற ஆவணியில் மாதையனுக்கு இரண்டாம் கல்யாணம். சம்மதமா என்று கேட்டபோது தலையாட்டினாள். உள்ளறையையும் ஒழித்துக் கொடுத்தாள். அதெல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போலத்தான் இருந்தது.

மாதையனின் அக்கா, குஞ்சம்மாளுக்கு நங்கையா முறையான பாப்பாயி, வந்து பக்கத்தில் குந்தினாள்.

"கடலு தாண்டி வந்தாலும் கத்தாழ கத்தாழதானே புள்ள. சமஞ்ச பொண்ணாட்டம் பொத்திப் பொத்தி வெச்சிருக்கறே."

"ஆமாங்க நங்கையா."

"புதுப்பொண்ணு ஊட்டுக்கு வர்றப்ப கண்ணு படாம வாசநெலையில கத்தாழ தொங்கோணும். இதை வேரோட புடுங்கித் தலகீழாக் கட்டிப்போடு. காத்தக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கும், சாகாது. உங்கையாலயே கட்டு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா மூத்தவ கண்ணு பட்டுதுன்னு ஊரு பேசும். உனக்கோசரந்தான் சொல்றேன்."

வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த மாதையனின் கை நின்றது. செடி எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். அவன் தலை நிமிரவில்லை. சற்றுக் கழித்துக் கை மறுபடியும் திரிக்கத் தொடங்கியது.

சாகாது. மண்ணில்லாமல், சாகாமல் கிடப்பது எப்படியென்று குஞ்சம்மாளுக்குத் தெரியும். மொட்டு மட்டும் விரியாது.

"ஏரிக்கரையில கத்தாழ கெடக்குதுங்க. நானே போயிப் புடுங்கியாந்து எங்கையால கட்டறனுங்க."

"கைக்கெட்டுனதை உட்டுப்போட்டு ஏரிக்கரைக்கா?"

"ஆமாங்க."

"இதுக்கென்ன கேடு?"

குஞ்சம்மாள் பானையை மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இது வேண்டாங்க நங்கையா," என்றாள்.