கரண்ட் பில்லில் உள்ள பெயர்

பாலமுனைப் பொது மண்டபத்துச் சுவரில் காட்டிய இலங்கை வரைபடத்தில் அம்பாறைக் கரையோரம் முழுக்க ஒரே பச்சை. பச்சை என்றால் அங்கே இணைய வசதி இருக்கிறது என்று அர்த்தமாம். மூன்றாவது வரிசையில் இருந்த முஸ்பிறாவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. அன்று காலையில்தான் அவள் மொட்டைமாடியில் ஒரு கையில் குடையும் மறுகையில் மடிக்கணினியுமாக நின்று, ஒரேயொரு வீட்டுப் பிளானை தோஹாவுக்கு அனுப்ப ஒன்றரை மணித்தியாலம் மல்லுக்கட்டியிருந்தாள். அதுவும் பாதி வழியில் அறுந்துபோனது.

வீட்டுப் பிளான் வரைவது அவள் தொழில். தோஹாவில் உள்ள கட்டுமானக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே இரண்டு வருடமாக வரைந்து கொடுக்கிறாள். போன கிழமை அங்குள்ள மேலாளர் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார். பிளான் நல்லா இருக்கிறது, வந்து சேருவதுதான் இல்லை. இரண்டு மாதத்துக்குள் வீட்டுக்கு பைபர் இணைய லைன் வராவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டிவரும். பைபர் லைன் பிரதான வீதிக்கு வந்து ஒன்றரை வருடம். அங்கிருந்து கடற்கரை வீதிக்கு இருநூறு மீற்றர். நாடு முழுக்க ஓடி வந்த கம்பிக்கு அந்த இருநூறு மீற்றர்தான் ஓட முடியவில்லை.

இணையக் கம்பனியின் கல்முனைக் காரியாலயத்து அதிகாரி பவிதரன் கூட்டத்தை நடத்தினார். தம்பிலுவில்காரர், தன்மையாகக் கதைக்கிற மனிதர்.

"மூண்டு விசயம் பாக்கிறம்," என்றார். "இணையம் கிடைக்குதா, தரமா இருக்கா, சனம் கேக்குதா. உங்கட ஊரில கிடைக்குது. தரமும் பரவாயில்ல. கேக்கிற ஆக்கள்தான் காணாது."

முஸ்பிறா எழுந்தாள். "தரத்த எங்க நிண்டு பாத்தீங்க சேர்?"

"பிரதான வீதியில, வங்கிக்கு முன்னால."

"எத்தின மணிக்கு?"

"காலம ஆறு மணி போல."

"அந்த நேரம் ஊரே தேத்தண்ணி குடிக்கிற நேரம் சேர். பின்னேரம் ஏழு மணிக்கு எங்கட வீதிக்கு வந்து போனத் திறந்து பாருங்க. ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இரிக்கும். பாடம் பாக்க இருந்த புள்ளையள் அந்த வட்டத்தப் பாத்தே நித்திரையாகிப் போகுதுகள்."

மண்டபம் சிரித்தது. பவிதரனும் சிரித்துவிட்டு ஒரு தாளை எடுத்து வாசித்தார். கடற்கரை வீதியில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. லைன் இழுக்கக் குறைந்தது அறுபது விண்ணப்பம் வேண்டும். செல்லுபடியாகும் விண்ணப்பம் ஒன்பது. இன்றைக்கு நாலு மணியோடு பட்டியல் மூடப்படும், பிறகு அடுத்த வருடம்தான் பார்க்கலாம்.

வெறும் ஒன்பதா? பள்ளிவாசல் தலைவர் ஹமீட் ஹாஜியார் வீடு வீடாகப் போய் நூற்றெண்பது விண்ணப்பம் சேர்த்தது ஊரறிந்த சங்கதி. முன்வரிசையில் இருந்த ஹாஜியாரும் துள்ளி எழும்பினார்.

"தம்பி, நூத்தியெம்பது போமும் நான் என்ட கையால நிரப்பித் தந்தன். எங்க அதெல்லாம்?"

பவிதரன் மேசைக்குக் கீழிருந்து ஒரு காட்போட் பெட்டியைத் தூக்கி வைத்தார். அந்த ஒன்பது போக மற்றதெல்லாம் பத்திரமாக இருந்தன, ஒவ்வொன்றிலும் நிராகரிப்பு முத்திரையோடு. முஸ்பிறா முன்னால் போய்த் தன் வீட்டுப் போமைத் தேடி எடுத்தாள். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் அவள் கணவன் றிஸ்வானின் பெயர். பின்னால் குத்தியிருந்த கரண்ட் பில்லில் அவள் பெயர். அடுத்ததில் விண்ணப்பதாரர் நளீம், பில்லில் பஸ்மினா. அதற்கடுத்தது நஸீர், பில்லில் ஜுனைதா.

அவளுக்கு விளங்கிவிட்டது. இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. மகளுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே வந்து குடியிருப்பார். வீட்டு உறுதிப் பத்திரம் பெண் பெயரில், கரண்ட் பில்லும் பெண் பெயரில். சோறு தின்பது மாதிரிச் சாதாரணமான விசயம், யாரும் அதைப் பற்றி நினைப்பதே இல்லை. ஆனால் வெளியிலிருந்து ஒரு போம் வந்தால் போதும், நமக்கெல்லாம் திடீரென்று மரியாதை வந்துவிடும், ஆம்பிளையின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவோம். கொழும்பில் இருக்கிற கணினிக்கு நம்முடைய மரியாதை எங்கே தெரியும்? பெயர் பொருந்தவில்லை என்று அத்தனையையும் தள்ளிவிட்டது. தப்பிய ஒன்பதும் விதவைகளுடையவை.

"பொம்புளையள்ட பேர வெளிய எழுதிக் குடுக்க எனக்கு மனம் வரல்ல," என்றார் ஹாஜியார். குரல் இறங்கியிருந்தது. "இப்ப என்ன செய்யலாம் தம்பி?"

"பில்லில பேர் உள்ளவங்க அடையாள அட்டையோட வந்து கையெழுத்து வைக்கலாம். கணவர்ர பேரிலதான் வேணுமெண்டா பில்ல அவர்ர பேருக்கு மாத்தோணும். அதுக்கு முதல்ல வீட்டு உறுதிய மாத்தோணும்."

ஹாஜியாரின் முகம் தெளிந்தது. "அப்ப உறுதிய மாத்துவம். ஒரு ஒப்பம்தானே. அடுத்த வருசம் ஒழுங்கா எல்லாரும் எடுக்கலாம்." ஆம்பிளைகள் பக்கமிருந்து ஓம், ஓம் என்று சத்தம் வந்தது.

ஒரு கம்பிக்காக வீட்டையே எழுதிக் கொடுப்பதா? முஸ்பிறாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஹாஜியார், என்ட வாப்பா பன்ரண்டு வருசம் கடலுக்குப் போய்க் கட்டின ஊடு அது. என்ட ஊட்டுக்காரர் நல்ல மனிசன், அவரே கேக்கல்ல. நீங்க என்னத்துக்குக் கேக்கிறீங்க? உறுதி என்ட பேரிலதான் கெடக்கும். லைனும் என்ட பேரிலதான் வரும்."

"மகள், கம்பனிக்காரருக்கு முன்னால பொம்புளையள் வரிசையில நிக்கிறது நம்மட ஊருக்கு மரியாதையா?"

"ஆஸ்பத்திரியில நிக்கிறம், வங்கியில நிக்கிறம், பாஸ்போட் எடுக்கப் பாயைப் போட்டுப் படுத்துக் கெடக்கிறம். அங்க போகாத மரியாத இஞ்ச எப்பிடிப் போகும்?" அவள் பவிதரனிடம் திரும்பினாள். "புதுப் போம் இரிக்கா சேர்? நாலு மணி வரைக்கும் எழும்பாம இரிங்க."

மணி அப்போது இரண்டு. கடற்கரை வீதியில் கேற் கேற்றாகத் தட்டிக்கொண்டு போனாள். சிலர் உடனே வந்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். பஸ்மினா மட்டும் வாசலில் நின்று தவித்தாள், கட்டாரில் இருக்கும் நளீமிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம். கேட்டுக் குரல் பதிவு அனுப்பினாள். போனில் வட்டம் சுற்றியது. ஐந்து நிமிடம் சுற்றியது, பத்து நிமிடம் சுற்றியது.

"இது போய்ச் சேந்து அவர் பதில் அனுப்ப நாளைக்காகிடும்," என்று பஸ்மினா போனைக் கட்டிலில் எறிந்தாள். "கொஞ்சம் நில்லுகா, அபாயாவப் போட்டுட்டு வாறன்."

மூன்று மணிக்கு மண்டபத்தில் இருபது பெண்கள் சேர்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஹாஜியார் சாவிக் கொத்தோடு வந்தார். அஸர் தொழுகைக்கு நேரமாகிறது, மண்டபத்தைப் பூட்ட வேண்டும் என்றார்.

"பூட்டுங்க ஹாஜியார்," என்றாள் முஸ்பிறா. "நாங்க மேசைய வெளிய போடுறம்."

அவள் மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். பவிதரன் ஹாஜியாரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மறுபக்கத்தைத் தூக்கினார். வீதியோர வேம்பின் கீழ் வேலை தொடர்ந்தது.

தொழுதுவிட்டு வந்த ஹாஜியார் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அங்கே நின்றதே போதுமாக இருந்தது. வந்துகொண்டிருந்த பெண்கள் அவரைக் கண்டு மதிலோடு ஒதுங்கினார்கள். பழைய ஒன்பதையும் சேர்த்து ஐம்பத்து மூன்றோடு வரிசை நின்றது. மணி மூன்று ஐம்பது. இத்தனை பாடுபட்டும் ஏழு கையெழுத்தில் வேலை போகப் போகிறதே என்று முஸ்பிறா வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

அப்போது மதிலோடு நின்றவர்களை விலக்கிக்கொண்டு ஹாஜியாரின் மனைவி சபியா உம்மா வந்தார். கணவனைக் கடந்து நேரே மேசைக்குப் போய், கரண்ட் பில்லையும் அடையாள அட்டையையும் வைத்துவிட்டு ஆறுதலாகக் கதிரையில் இருந்தார்.

"ஊட்டுக்காரி சபியா எண்டு எழுதுங்க தம்பி."

பவிதரன் எழுதினார். "வீட்டில வேற ஆர் இருக்கிறாங்க உம்மா?"

"இளைய மகள் இரிக்காள்." சபியா உம்மா திரும்பிக் கணவனைப் பார்த்தார். "மறுகா, இந்தா நிக்கிறாரே, ஹமீட் ஹாஜியார். அவரும் என்ட ஊட்டிலதான் இரிக்கார்."

மதிலோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்தபடியே ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். ஹாஜியார் கட்டிய கையை அவிழ்த்து, சாவிக் கொத்தை ஜுப்பாப் பைக்குள் போட்டார். நாலு மணிக்குப் பவிதரன் எண்ணிப் பார்த்தபோது எழுபத்தொரு பெயர் இருந்தது. அத்தனையும் பெண் பெயர்.

"ஆறு கிழமையில, ஒண்டரை மாசத்துக்குள்ள லைன் வரும் அக்கா," என்றார்.

"திகதியப் போட்டு ஒப்பம் வெச்சித் தாங்க சேர்." முஸ்பிறா பேனையை அவர் பக்கம் தள்ளினாள். "வராட்டி எழுபத்தொரு பேரும் கல்முனைக்கு வாறம். பஸ் எங்க நிக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும்."