உங்க வீடு ஒழுகுதா?

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் கலந்துகொண்டவர்கள் ஐந்து பேர். அம்மா கூடத்து நாற்காலியில், கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அப்பா அவளுக்கு இடப்பக்கம். படத்தில் அவருடைய ஒரு காதும் மூக்குக்கண்ணாடியின் ஒரு காலும் மட்டும் தெரிந்தன. அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். அத்தை எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று சொல்ல முடியாது; அவள் எப்போதும் குரலாகத்தான் கலந்துகொள்வாள். ஐந்தாவது ஆள் கடல் தாண்டி இருந்தாள். ஜன்னலோரக் கட்டிலில், போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்த இளைய மகள். வீட்டில் அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர்.

அங்கே பிற்பகல், இங்கே விடிந்தும் விடியாத காலை. அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்காரும்போது, இவள் கனவின் கடைசிப் படியில் ஒரு காலும் கட்டிலில் ஒரு காலுமாக நின்றுகொண்டிருப்பாள். படத்தில் தெரியும் கூடமே கனவின் மிச்சம் போலத்தான் இருக்கும். சுவர் லேசாக ஆடும். அம்மாவின் உதடு முன்னே போகும், குரல் மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வரும்.

பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும்போதே கண் சொருகிவிடும் பிள்ளை அவள். அவளே பெரியவளாகி, உறக்கத்தைப் பற்றிப் படிக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கியபோது வீடே விழுந்து விழுந்து சிரித்தது. "தூங்குறதுக்குக்கூடவா காலேஜு? ஒரு பாயை வாங்கிக் குடுத்தா இங்கயே படிச்சிருப்பாளே!" என்றாள் அத்தை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "நீங்கள்லாம் முழிச்சுக்கிட்டு இருந்து என்னத்தக் கிழிச்சீங்க? அவ தூங்கிக் கிழிக்கட்டும். போகட்டும்" என்றாள். அந்த ஒரு 'போகட்டும்'தான் அவளை விமானம் ஏற்றியது. அந்த வீட்டில் கையெழுத்து அப்பாவுடையது, முடிவு அம்மாவுடையது.

அன்றைக்குப் பேச்சு மழையைப் பற்றி.

"விட்டபாடில்ல. உன் ரூம் மூலையில சொட்டுச் சொட்டா விழுது. பாத்திரம் வெச்சிருக்கேன்" என்றாள் அம்மா.

மகள் திறந்திருந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டு, "உங்க வீடு இன்னுமா ஒழுகுது? யாரையாவது கூப்பிட்டுப் பாக்க வேண்டியதுதானே?" என்றாள்.

அக்காவின் சீப்பு தலையிலேயே நின்றது.

"கேட்டுக்கோ, உங்க வீடாம்" என்றது அத்தையின் குரல்.

"தூக்கக் கலக்கம்" என்றது அப்பாவின் காது.

"கலக்கமெல்லாம் இல்ல. சரியாத்தான் சொல்றா" என்றாள் அம்மா. "எங்க வீடுதான். ஒழுகுது. நாங்க பாத்துக்கிறோம்."

எங்க, நாங்க. ஒன்றில் கதவைச் சாத்தி, மற்றதில் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. மகள் இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தபோது செம்பில் சாய்ந்த படத்தில் நாற்காலியின் முதுகு மட்டும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவருடைய முழு முகத்தைப் பார்த்து எத்தனையோ மாதமாகியிருந்தது. அம்மா சமையலறையில் பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டாங்களான்னு கேளுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சாப்பிட்டியான்னு அம்மா கேக்குறாம்மா."

"இல்லப்பா. சாப்பிட்டாங்களான்னு கேட்டா."

"காது நல்லாத்தான் கேக்குது உனக்கு" என்று அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"குளிரா இருந்தா அவங்களைப் போத்திக்கச் சொல்லுங்க" என்றது சமையலறை.

எருமை என்று திட்டியிருந்தால் இவள் நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பாள். பெற்றவள் வாயிலிருந்து மரியாதை வருவதைப்போல ஒரு தண்டனை வேறு இல்லை. அந்த 'ங்க' ஒவ்வொரு தடவையும் அவளை ஒரு முழம் தள்ளி உட்கார வைத்தது.

அக்கா கைபேசியைக் கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போய்க் கிசுகிசுத்தாள். "லூசாடி நீ? எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, இன்னும் இதைத்தான் நம்ம வீடுங்குறேன். உங்க வீடு உங்க வீடுன்னு மாமாகிட்ட அவரோட வீட்டைத்தான் சொல்லுவேன். அதுக்கு அவர் மூஞ்சி தூக்குவாரு, அது வேற கதை."

"வாய் தவறி வந்துடுச்சுக்கா."

"வாய் தவறுனா பரவாயில்ல. மனசு தவறிடுச்சோன்னு அவ பயப்படுறா. ராத்திரியெல்லாம் உன் ரூம்லயே படுத்துக்கிறா, பாத்திரத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு."

மகளிடம் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருந்தது. அந்த வாரம்தான் பேராசிரியை அவளை அழைத்து, படிப்பு முடிந்ததும் மேலும் இரண்டு ஆண்டுகள் ஆராய்ச்சியில் தொடரலாம், அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார். அதை அம்மாவிடம் முதலில் சொல்வதற்காக வாய்க்குள்ளேயே மிட்டாய் மாதிரி வைத்திருந்தாள். இப்போது எப்படிச் சொல்வது? வீட்டை உங்க வீடு என்று சொன்னவள், இனி வர இரண்டு வருஷமாகும் என்றும் சொன்னால் அது வெந்த புண்ணில் வேல்தான். அப்பாவிடம் மட்டும் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்குச் சந்தோஷம்தான்மா" என்றார் அவர். "ஆனா அம்மா போகட்டும்னு சொல்லித்தானே போன? இருக்கட்டும்னும் அவதான் சொல்லணும்."

பல்கலைக்கழகத்தில் அவள் வேலை பார்த்த இடம் ஒரு நீண்ட தாழ்வாரம். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு கட்டில், கனமான திரை. பகலுணவுக்குப் பிறகு ஆட்கள் வந்து படுப்பார்கள். அவர்கள் தலைமுடியை வகிர்ந்து, பசை தடவி, கம்பிகளை ஒட்ட வேண்டும். அவர்கள் தூங்கத் தூங்க, பக்கத்து அறைத் திரையில் அலைகள் ஓடும். முதலில் கொசுவலை போல நெருக்கமாக, பிறகு மெல்ல மெல்ல அகன்று, கடைசியில் ஆளில்லாத கடற்கரை போல. சரியான அலை வந்ததும் எழுப்பி, அவர்கள் மனத்தில் அந்த நொடியில் என்ன ஓடியது என்று கேட்டுக் குரலைப் பதிவு செய்ய வேண்டும். படுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் தூங்குமூஞ்சி இந்த ஊர் மொழியில் கேட்கிற முதல் கேள்வி, "உங்கள் வீட்டில் நன்றாகத் தூங்கினீர்களா?" என்பது. நாள் முழுக்க உங்கள் வீடு, உங்கள் வீடு. சொல்லிச் சொல்லி நாக்கில் தடம் விழுந்துவிட்டது.

அவளோடு சேர்ந்து கம்பி ஒட்டுகிறவள் வேறொரு தேசத்திலிருந்து வந்தவள். விரல் நுனியில் எந்நேரமும் பசை இருப்பதால் தூங்குமூஞ்சி மனத்துக்குள் அவளுக்குப் பசைக்காரி என்று பெயர் வைத்திருந்தாள்.

ஒரு பிற்பகல், வர வேண்டிய ஆள் வரவில்லை. "நீ படு. கருவி சும்மா கிடக்கிறது, நீயும் பாதி தூங்கிக்கொண்டுதானே இருக்கிறாய்" என்றாள் பசைக்காரி. தலையில் பசை சில்லென்று பட்டது. திரை விழுந்தது. தாழ்வாரத்தில் யாரோ நடந்துபோகும் சத்தம் மழைச் சொட்டாக மாறுவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்கவில்லை.

சமையலறை. இங்கே அவள் குடியிருக்கும் வாடகை வீட்டின் ஒடுக்கமான சமையலறைதான். அதே ஒற்றை ஜன்னல், அதே இறுகின குழாய். ஆனால் மூலையில் அம்மா உட்கார்ந்து, ஒழுகுகிற இடத்துக்குக் கீழே பாத்திரத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் உள்ளே கொல்லைப்பக்கம் இருந்தது, துணி காய்ந்துகொண்டிருந்தது. அப்பா பல்கலைக்கழகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்; அந்தப் படிக்கட்டு மேடைக்கும் அலமாரிக்கும் நடுவில் எப்படியோ அடங்கியிருந்தது. அக்கா சீப்பைத் தேடினாள். அத்தை அங்கேயும் குரல்தான். கூரையிலிருந்து விழுந்தது தண்ணீரா வெளிச்சமா என்று தெரியவில்லை; பாத்திரம் நிரம்பிக்கொண்டே இருந்தது, வழியவில்லை. யாரோ வாசலில் நின்றார்கள். அம்மா நிமிர்ந்து பார்த்து, "தள்ளி உக்காருங்க எல்லாரும், எடம் இருக்கு" என்றாள்.

தோளில் ஒரு கை. கேள்விகள் எங்கிருந்தோ வந்தன. அவள் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

எழுந்து தலையைக் கழுவி வந்தபோது பசைக்காரி காதொலிப்பானை மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு எழவும் புரியவில்லை. உன் மொழியில் பேசித் தொலைத்திருக்கிறாய். வா, சொல்."

பதிவை ஓட்டினாள். எங்கே இருந்தாய் என்று பசைக்காரியின் குரல் கேட்டது. தூக்கத்தில் தடித்துப்போயிருந்த குரல், "நம்ம வீட்டுல" என்றது.

"நிறுத்து" என்றாள் தூங்குமூஞ்சி.

"என்ன?"

"இன்னொரு தடவை போடு."

நம்ம வீட்டுல. பிறகு யார் யார் இருந்தார்கள் என்று கேள்வி. "எல்லாரும்தான். நீயும்தான் இருந்த. வாசல்ல நின்ன. அம்மா எல்லாரையும் தள்ளி உக்காரச் சொன்னா."

அவள் மொழிபெயர்த்துச் சொன்னாள். வீடு என்கிற சொல் வரைக்கும் சுலபமாக வந்தது. அதற்கு முன்னால் இருந்த சொல்லில் சிக்கிக்கொண்டாள்.

"எங்களுக்கு இதில் இரண்டு சொல் உண்டு. ஒன்று, கேட்கிறவரை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்வது. இன்னொன்று, கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டு சொல்வது."

"கேட்டது நான்."

"ஆமாம்."

"அப்படியானால் அது என் வீடும்தானா?"

"சொல்லியாயிற்று. இனி மாற்ற முடியாது."

"நல்லது. எனக்கு ஜன்னல் பக்கத்து அறை" என்றாள் பசைக்காரி. பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "வேடிக்கை இருக்கட்டும், குறிப்பில் எழுத வேண்டும். கனவில் வந்தது எந்த வீடு? இங்கே இருப்பதா, அங்கே இருப்பதா?" என்று கேட்டாள்.

தூங்குமூஞ்சி யோசித்தாள். குழாய் இங்கே இருப்பது. ஒழுகல் அங்கே இருப்பது. "தெரியவில்லை. ஒன்றுதான் இருந்தது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு வரைக்கும் அவள் காத்திருக்கவில்லை. காத்திருந்தாலும் அப்பாவின் முகமும் சமையலறைக் குரலும்தான் வரும். அன்று மாலையே தாளை எடுத்தாள். கடிதமென்றால் அம்மாவால் நாற்காலியை விட்டு எழுந்து போக முடியாது. போனாலும் திரும்பி வருகிறவரைக்கும் அது மேசைமேல் காத்துக்கொண்டு இருக்கும். அம்மா எதையும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, வாய்விட்டுப் படிக்கிறவள். அவள் குரலிலேயே அந்தச் சொல் வரட்டும்.

அன்புள்ள அம்மாவுக்கு என்று தொடங்கி, 'உங்கள் எல்லாருடைய உடம்பும்' என்று எழுதப்போன கை பயந்து நின்றது. உடம்பைக்கூட நம்ம உடம்பு என்று எழுதினால் அத்தை சிரிப்பாள். அந்த வரியையே விட்டுவிட்டாள். கனவில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று வரிசையாக எழுதினாள். அன்றைக்கு வாயில் வந்தது பகலெல்லாம் சொல்லிப் பழகிய சொல், தூக்கத்தில் வந்ததுதான் என் சொல் என்று எழுதினாள். ஒரு சிநேகிதியையும் கேட்காமல் வீட்டில் சேர்த்துவிட்டேன், ஜன்னல் பக்கத்து அறை வேண்டுமாம் என்று எழுதினாள். பிறகு இரண்டு ஆண்டு விஷயத்தை ஒளிக்காமல் எழுதினாள்.

'எனக்கு இருக்க ஆசையா இருக்கு. அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம். நீ போகட்டும்னு சொன்னதால வந்தேன். இருக்கட்டும்னு சொன்னா இருக்கேன். வாடி எருமைன்னா வந்துடுறேன். எதுவா இருந்தாலும் நீயே நாற்காலியில உக்காந்து சொல்லு. டி போட்டுச் சொல்லு. நம்ம வீட்டு மூலைக்கு அந்தச் சின்னப் பாத்திரம் பத்தாது, பெரிசை வை.'

மறுநாள் காலை உறையோடு அஞ்சலகத்தில் நின்றாள். உறையின் முன்பக்கம் 'அம்மா, நம்ம வீடு' என்று தமிழில் எழுதி, அதன் கீழே தபால்காரர்களுக்காகத் தெருவும் கதவு எண்ணும் நாடும் இந்த ஊர் எழுத்தில் போட்டிருந்தாள். பின்பக்கம் அனுப்புநர் இடத்தில் 'தூங்குமூஞ்சி, நம்ம வீடு' என்று எழுதி, கீழே தன் வாடகை முகவரி.

அஞ்சலகக்காரர் உறையை முன்னும் பின்னும் திருப்பினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வளைவுகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்திருந்தது.

"மேல்வரியின் கடைசிச் சொற்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கின்றனவே. அனுப்புகிற இடமும் போய்ச் சேருகிற இடமும் ஒன்றா?"

"ஆமாம். ஒரே வீடுதான்."

"அப்புறம் எதற்கு அஞ்சல்தலை? கையிலேயே கொடுத்திருக்கலாமே" என்று சிரித்தார்.

"கொஞ்சம் பெரிய வீடு" என்றாள்.

அவர் தலையாட்டிக்கொண்டே அஞ்சல்தலையை ஒட்டி நீட்டினார். அவள் உறையின் வாயை நாக்கில் ஈரப்படுத்தி, மடித்து, விரலால் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் அழுத்தி ஒட்டிக் கொடுத்தாள். முத்திரை தொப்பென்று விழுந்தது. உறை, அவர் கையிலிருந்து பைக்குள் போனது.