திரை விழுங்கிய பிரேம்கள்

அண்ணியின் எடிட்டிங் மானிட்டரில் கைவைத்தது கொழுந்தன்தான். நொடிக்கு அறுபது முறை படத்தைப் புதுப்பிக்கும் சாதாரண மானிட்டர் அது. கம்ப்யூட்டர் விளையாட்டில் எதிராளிகள் தன்னை முந்திச் சுடுவதற்கு அந்த அறுபதுதான் காரணம் என்று அவன் முடிவுகட்டியிருந்தான். அவள் வெளியே போயிருந்தபோது செட்டிங்ஸுக்குள் புகுந்து வேகத்தை ஏற்றினான். எழுபத்தைந்து ஓடியது. தொண்ணூறும் ஓடியது. வாயைத் திறக்காமல் அப்படியே விட்டுவிட்டான்.

மறுநாள் ஓட்டப்பந்தயக் காட்சிகளை வெட்ட உட்கார்ந்த அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடுகிறவர்களின் கால்கள் விட்டு விட்டுத் தாவின. கேமராமேனைப் போனில் பிடித்தாள்.

"ஒரு ஷாட்கூட உருப்படியா இல்ல. கண்ணை மூடிட்டு எடுத்தீங்களா?"

"மேடம், பார்த்துப் பேசுங்க. நேர்லயே வர்றேன்."

வந்தவன் உட்காரவில்லை. தன் லேப்டாப்பில் அதே காட்சியை ஓட்டினான். கால்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. அவன் லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டுக் கிளம்பினான்.

முகம் எரிய செட்டிங்ஸைத் திறந்தாள். தொண்ணூறு என்றிருந்தது. பிரேம் எனும் தனிப் படத்துக்கு ஒன்றாகக் கட்டங்கள் வரிசையாக ஒளிரும் சோதனைப் பக்கத்தைப் போட்டு, பல கட்டங்கள் ஒன்றாகப் பதியும்படி போனில் மெதுவான ஷட்டரில் படம் எடுத்தாள். நடுநடுவே சில கட்டங்கள் ஒளிரவே இல்லை. தன்னால் காட்ட முடியாத பிரேம்களை மானிட்டர் சத்தமில்லாமல் தள்ளிவிட்டிருந்தது. கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"யாரைக் கேட்டுடா இதைத் தொட்டே?"

"தொண்ணூறு நல்லாத்தானே ஓடுது அண்ணி?"

"எங்க ஓடுது? நடுநடுவே முழுங்குது. இந்தப் போட்டோவைப் பாரு."

"ஒரு மானிட்டருக்கு இவ்ளோ ஆட்டமா? எங்கண்ணன் வாங்கினதுதானே!"

"ஏய், சின்ன விஷயம், விடேன்," என்றான் கணவன் சோபாவிலிருந்து.

"சின்ன விஷயமா? தாடி வெச்ச ஆளு, சின்னப் பிள்ளையா அவன்? உங்க தம்பியால ஒருத்தரைத் தேவையில்லாமத் திட்டிட்டு நிக்கிறேன்."

கொழுந்தன் மவுஸைப் பிடுங்கினான். "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இது இன்னும் போகும், பாருங்க." நூற்றிருபது என்று போட்டான். திரை இருண்டது. வேகம் வரம்பு மீறியதாக ஒரு சின்னப் பெட்டி மட்டும் மிதந்தது. அவன் கீபோர்டைக் குத்தினான், திட்டினான். சற்று நேரத்தில் கம்ப்யூட்டர் தானாகவே பழைய வேகத்துக்கு வந்தது. அண்ணி அதை அறுபதுக்கு இறக்கினாள். பிறகு கேபிளை உருவி, மானிட்டரைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

உள்ளிருந்து கேமராமேனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"சரிங்க மேடம். ஆனா அடுத்த வேலைக்கு வேற ஆளைப் பார்த்துக்குங்க," என்று வைத்துவிட்டான்.

படத்தை அவள் முடித்துக் கொடுத்தாள். கொழுந்தன் அதன்பிறகு அவளிடம் நேராகப் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவள் கைக்குப் பக்கத்தில் உப்பு இருந்தாலும், "உப்பு எங்கேன்னு கேளுண்ணே," என்பான். அவளும் நகர்த்தித் தரமாட்டாள்.