ஓரகத்தி மேல் மணத்த கறுப்பி

அந்த வாசனைத் திரவியக் கடையில் அவளை எல்லோரும் மூக்குக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டு நீளமான மூக்கை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்து போவார்கள். சின்ன மூக்கு, அதுவும் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. ஆனால் ஒரு குப்பியைத் திறந்து அவள் பேச ஆரம்பித்தால் வாங்க வராதவர்களும் நின்று கேட்பார்கள். எலுமிச்சை வாசம் என்று மற்றப் பெண்கள் சொல்லிவிட்டுப் போவதை அவள், "வெயில்ல நடந்து வந்து, குழாய்த் தண்ணியில முகத்தக் கழுவிட்டுத் துடைக்காம நிக்கிற மாதிரி இருக்கும்" என்பாள். கேட்டவர் கை தானாகவே கன்னத்துக்குப் போகும். விலை கூடிய சரக்கு எது வந்தாலும் முதலாளியம்மா அதை முதலில் மூக்குக்காரியிடம்தான் கொடுப்பார்.

அப்படித்தான் அந்தக் கறுப்புக் குப்பியும் அவள் கைக்கு வந்தது. வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர் அதற்கு. கடைப் பெண்கள் முதல் நாளே கறுப்பி என்று வைத்துவிட்டார்கள்.

அட்டைத் துண்டில் ஒரு சொட்டு விட்டு மூக்கருகே கொண்டுபோனாள். ரோஜாதான். ஆனால் யாரும் ஆசையாகப் பறித்துக் கொடுக்கிற ரோஜா இல்லை. இதழ் கருஞ்சிவப்பாக முதிர்ந்து, பூட்டிக் கிடக்கும் கல் கட்டடம் ஒன்றில் பழைய தண்ணீரில் நின்று, தண்டு அழுகத் தொடங்கிய ரோஜா. அதற்குப் பின்னால் வெள்ளை லில்லியின் தலைவலிக்கிற இனிப்பு. அப்புறம் இப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் புகை, மழை விட்ட பிறகு தோண்டிய மண். சாவு வீட்டு வாசனை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் எந்தச் சாவு வீட்டிலும் மரணம் இவ்வளவு அலங்காரம் பண்ணிக்கொண்டு நின்றதில்லை.

அவளுக்கு அது தன் வாசனை என்று தோன்றிவிட்டது. கடைக்கு வெளியே பொறுமைசாலி, வாய் பேசாதவள், இருக்குமிடம் தெரியாதவள் என்றே ஊரெல்லாம் பேர் வாங்கியவள் அவள். உள்ளே இப்படி இருட்டாக ஏதோ ஒன்று பூத்துக் கிடப்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஆசையாக மணிக்கட்டில் பூசினாள். சற்று நேரத்தில் ரோஜா போய்விட்டது. மிஞ்சியது நனைந்த சாக்கு வாடை. கழுத்தில் பூசிப் பார்த்தாள், முழங்கை மடிப்பில் பூசிப் பார்த்தாள். எங்கே பூசினாலும் சாக்குதான். தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே திரவியம் ஒருத்தி மேல் பூக்கும், இன்னொருத்தி மேல் புளிக்கும். தோலின் குணம் அப்படி, யாரையும் நொந்துகொள்ள முடியாது. எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு அவளே அதைச் சொல்லி ஆறுதல் படுத்தியிருக்கிறாள். தனக்கென்று வந்தபோது அந்த ஆறுதல் பலிக்கவில்லை. மாதிரிக் குப்பி ஒன்றை முதலாளியம்மாவிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனாள், அங்கே ஒருவேளை ஒட்டுமோ என்று.

வீட்டில் அவள் மூத்த மருமகள், பெரியவள். மாமியாருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர், அவள் கணவர், பேருந்து ஓட்டுகிறார். இளையவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவர் மனைவி சின்னவள் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் வீடு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. "உப்பு கம்மி" என்பதைத் தாண்டி பெரியவளிடம் ஒரு வார்த்தை பேசியிராத மாமியார், சின்னவளோடு உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே சிரிக்கிறார். கொழுந்தனார் வேலைக்குப் போகும்போது தெருமுனை திரும்பும்வரை திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். சின்னவள் இதில் எதையும் கேட்டு வாங்கவில்லை. அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. கேட்டு வாங்கியிருந்தால் திட்டுவதற்காவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

விடுமுறை நாளன்று அலமாரியைத் துடைக்கும்போது மாதிரிக் குப்பி சின்னவள் கையில் அகப்பட்டது. இது எப்படி இருக்கும் அக்கா என்று கேட்டாள். கையில்தானே இருக்கிறது, திறந்து மோந்து பாரேன் என்றாள் பெரியவள். இல்லை, நீங்கள் சொல்லுங்கள் என்று குழந்தை மாதிரி நின்றாள். பெரியவள் வேண்டா வெறுப்பாக ஆரம்பித்தாள்; பேசப் பேச சொல்லில் சூடு ஏறி, ரோஜா, கல், புகை, மண் என்று கடையில் சொல்வது போலவே முழுதும் சொல்லி முடித்தாள். சின்னவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கொஞ்சம் போட்டுக்கொள்ளட்டுமா என்றாள். முடியாது என்று எப்படிச் சொல்வது? போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் மாமியார் தன் அறையிலிருந்து வெளியே வந்து, நடு வீட்டில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாரு வந்திருக்கா வீட்டுக்கு?" என்றார்.

யாரும் வரவில்லை. சின்னவள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்திலிருந்து கறுப்பி இறங்கி அறை முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது. சாக்கு இல்லை, புளிப்பு இல்லை. பெரியவள் அட்டைத் துண்டில் கண்ட அதே ரோஜா, அதைவிட ஆழமாக, உடம்புச் சூட்டில் உயிர் பிடித்து நின்றது. வேலை முடிந்து வந்த பெரியவளின் கணவர் செருப்பைக் கழற்றியபடியே, "என்ன வாசம் இது, நல்லா இருக்கே" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், வாசனைக் கடையில் வேலை செய்யும் மனைவியிடம் அவர் கேட்காத கேள்வி அது. யாரிடமும் கேட்டதாகவும் இல்லை, காற்றைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் பெரியவள், உலை வைத்தவள் நான், உண்டவள் இவளா என்று எண்ணிக்கொண்டே தட்டுகளை நங் நங்கென்று எடுத்து வைத்தாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரம் பெரியவள் சாவியை வீட்டில் மறந்துவிட்டுப் போக, சின்னவள் அதைக் கொடுக்கக் கடைக்கு வந்தாள். கழுத்தில் கறுப்பி. உள்ளறையிலிருந்து முதலாளியம்மா எழுந்து வந்துவிட்டார். பக்கத்தில் வந்து, தள்ளி நின்று, மறுபடி பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தார். அந்த மாதக் கடைசியில் கறுப்பிக்காக ஓர் அறிமுகக் கூட்டம் வைத்திருந்தார். பழைய வாடிக்கையாளர்களை எல்லாம் அழைத்திருந்தார். அன்றைக்கு இந்தப் பெண் பூசிக்கொண்டு நடுவில் நிற்கட்டும், மூக்குக்காரி பக்கத்தில் நின்று பேசட்டும் என்று அங்கேயே முடிவு சொல்லிவிட்டார். சின்னவள் பெரியவள் முகத்தைப் பார்த்தாள். பெரியவள், அதற்கென்ன, வரட்டுமே என்று சொன்னாள். சொல்லும்போது பல் வலித்தது.

கூட்டத்து நாள்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அன்று கிளம்பும்போது தலைவலித் தைலம் ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். முகம் வாடியிருக்கிறதே, நெற்றியிலும் கழுத்திலும் கொஞ்சம் தடவிக்கொள் என்று சின்னவளிடம் அன்பாகச் சொன்னால் போதும். தைலம் பட்ட தோலில் எந்தப் பூவும் நிற்காது. உடை மாற்றும் அறையில் இருவரும் தனியாக இருந்தபோது பைக்குள் கையை விட்டு டப்பாவைப் பிடித்தும்விட்டாள். பிறகு விட்டுவிட்டாள். நல்ல மனசால் இல்லை. கறுப்பியைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஓரகத்தியை மட்டும் தனியாகக் கெடுக்க வழியிருந்திருந்தால் கெடுத்திருப்பாள்.

அந்த வழி பேச ஆரம்பித்த பிறகு கிடைத்தது.

விளக்குகளைத் தணித்திருந்தார்கள். வந்திருந்த பெண்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் கறுப்பு உடையில், கையைக் கோத்துக்கொண்டு நடுவில் நின்றாள். காற்றாடி மெதுவாகச் சுற்றி அவள் வாசத்தை ஒவ்வொரு நாற்காலியாகக் கொண்டுபோனது. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியதைப் பார்த்தபோது, மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு பெரியவளுக்கு மறந்தே போனது.

"இது நல்ல பொண்ணுங்களுக்கான வாசனை இல்ல" என்று தொடங்கினாள். முதலாளியம்மா நிமிர்ந்தார். "முதல்ல ரோஜா வரும். தோட்டத்து ரோஜான்னு நினைக்காதீங்க. செத்தவங்க தலைமாட்டுல வெச்சு, தண்ணி மாத்த மறந்துபோன ரோஜா. அப்புறம் லில்லி. அது சிரிக்கும், ஆனா கண்ணு சிரிக்காது. அதுக்கும் பின்னால புகை, ஈர மண்ணு. ஒரு வீட்டுக்குள்ள இது கதவத் தட்டிட்டு வராது. சத்தமில்லாம வந்து நடு வீட்டுல நிக்கும். இதப் போட்டுக்கிட்டு வர்றவ எதையும் கேட்டு வாங்க மாட்டா. நீங்களே ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்துருவீங்க. உங்க நாற்காலி, உங்க பேச்சுத் துணை, உங்களப் பாக்க வேண்டிய பார்வை. எல்லாம் போன பிறகுதான் வீட்டுல என்ன குறையுதுன்னு தேடுவீங்க. அப்பவும் அவமேல கோவம் வராது. இன்னொரு தடவ பக்கத்துல வரமாட்டாளான்னுதான் இருக்கும்."

பேசும்போது அவள் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைவிடப் பச்சையாக ஒருத்தியைச் சபைநடுவே திட்ட முடியாது. சின்னவளுக்கு முகம் சுண்டியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அவள் வாயைக் கொஞ்சம் திறந்து, கேட்டது போதாது என்பது போல நின்றிருந்தாள். முன்வரிசையில் ஓர் அம்மாள், எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள் என்றார். அவ்வளவுதான், உடைந்த மடைபோல ஆனது கூட்டம். கடையில் இருந்த கறுப்பி எல்லாம் அன்றே தீர்ந்து, மிச்சப் பேர் முன்பதிவு செய்துவிட்டுப் போனார்கள். முதலாளியம்மா மூக்குக்காரியைக் கட்டிக்கொண்டார். இவள் மரம் மாதிரி நின்றாள். காறித் துப்பினால் அதையும் கையில் ஏந்தி விலை கொடுத்துப் போகிறார்களே என்றிருந்தது.

வீட்டுக்கு இருவரும் நடந்தே போனார்கள். கடைத்தெரு கடந்து, சத்தம் அடங்கிய பிறகு சின்னவள்தான் பேசினாள்.

"அக்கா, கடைசியில சொன்னீங்களே, அது என்னப் பத்திதானே?"

பொய் சொல்லலாம் என்று பெரியவள் நினைத்தாள். வாய் வரவில்லை.

"ஆமா."

சின்னவள் தலையை ஆட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு, தனக்கு வாசனையே தெரியாது என்று சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சலோடு போனது, திரும்பவில்லை. வைத்தியர்கள் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். கணவருக்கு மட்டும் தெரியும். அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாதவள் என்று மாமியார் நினைத்துவிடுவாரோ என்று பயந்து வேறு யாரிடமும் சொல்லவில்லையாம். தன் உடம்பில் வியர்வை நாறுகிறதா என்றுகூடத் தெரியாமல் ஒரு நாளைக்குப் பலமுறை குளிக்கிறாளாம்.

"கண்ணாடி இல்லாத வீட்டுல தலை சீவிக்கிட்டு நிக்கிற மாதிரிக்கா. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. என்னத்தப் பாக்குறாங்கன்னு எனக்குத் தெரியாது. நீங்க வாசனையப் பத்திப் பேசும்போதெல்லாம் எனக்குப் பொறாமையா இருக்கும். அந்தப் பொறாமையிலதான் உங்க குப்பியக் கேட்டு வாங்கினேன். இன்னைக்கு நீங்க திட்டினீங்க, தெரியுது. ஆனா நான் எப்படி மணக்குறேன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

பெரியவளுக்கு முதலில் இரக்கம் வரவில்லை. மூக்கே இல்லாதவளைத் தேடிப் போய் இப்படி மணக்கிறதே இந்தச் சனியன் என்றுதான் தோன்றியது. அப்புறம்தான் வெட்கம் வந்தது. வந்த பிறகு அது போகவில்லை. ஒரு கடை வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னித்துக்கொள் என்ற வார்த்தை அவர்கள் வீட்டில் யாரும் சொல்லிப் பழகாத வார்த்தை. பெரியவள் அவள் முந்தானையில் ஒட்டியிருந்த நூல் ஒன்றை எடுத்துப் போட்டாள்.

முதலாளியம்மா சின்னவளை வேலைக்கே கூப்பிட்டார். போகட்டுமா அக்கா என்று அவள் கேட்டபோது, வேண்டாம் என்பதுதான் பெரியவளின் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு நாள் பதில் சொல்லாமல் காய்கறி நறுக்கினாள். மூன்றாம் நாள், வா, ஆனால் என் பேச்சுக்கு நடுவில் சிரிக்காதே என்றாள்.

இப்போது இருவரும் ஒன்றாகத்தான் கடைக்குப் போகிறார்கள். மாமியாரிடமும் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. அவர் பால் அடுப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். புதுச் சரக்கு வந்தால் சின்னவள் கழுத்தை நீட்டுகிறாள், பெரியவள் முகர்ந்து பார்த்துச் சொல்கிறாள். பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. கூட்டம் சின்னவளைச் சூழும்போது பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடி அலமாரியைத் துடைப்பதை மற்றப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். பெரியவள் பேசும்போது சின்னவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு நாள் கடை திறக்கும் முன், எதையும் பூசாதபோது நான் எப்படி இருப்பேன் என்று சின்னவள் கேட்டாள். கேட்க வெட்கப்பட்டு, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாள். பெரியவள் அவள் தலைமுடியருகே குனிந்து, அவசரப்படாமல் இழுத்து முகர்ந்தாள்.

"சோப்பு. இஸ்திரி போட்ட துணி. கொஞ்சூண்டு வெங்காயம்."

"வெங்காயமா?"

"விரல்ல. நல்லாத்தான் இருக்கு."

சின்னவள் விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் விரலை உடனே எடுத்துவிடவில்லை.